ஓரம் மட்டும்தானே!

கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று பேச்சுகளை அடிக்கடி கேட்கிறேன்.

"டீச்சர், சுடிதார் முழுசா தைச்சுட்டேன். ஓரம் மட்டும்தான் பாக்கி." இது மாணவி.

"அத்தை, ஓரம் மட்டும்தானே, வர்ற வழியில கொண்டு வர்றேன், அஞ்சு நிமிஷத்துல அடிச்சுக் கொடுத்துடுங்க." இது சொந்தம்.

"ஓரம் மட்டும் மடிச்சு அடிக்கிறதுக்கா இவ்வளவு காசு?" இது தெருமுனைத் தையல் கடையில் நிற்கிறவர்.

மூன்றிலும் வருகிற அந்த 'மட்டும்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. என் கணக்கில், ஒரு உடுப்பைத் தைக்க ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓரத்துக்குப் போக வேண்டும். அதைக் கொடுக்காததால்தான் நன்றாக வெட்டி நன்றாக மூட்டிய துணிகூட 'வீட்டுத் தையல்' என்று பெயர் வாங்குகிறது. அந்த நேரத்தைக் கொடுத்து உழைக்கிறவர்களுக்கோ நாம் சரியான கூலி கொடுப்பதில்லை. இரண்டையும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, தன் எட்டு வயது மகளுக்குத் தைத்த குடை ஃப்ராக்கைப் படம் எடுத்து அனுப்பினாள். கழுத்து வளைவு அவ்வளவு சுத்தம். கை பொருத்தியதில் ஒரு சுருக்கம் இல்லை. "ஆனா கடையில வாங்கின மாதிரி இல்லையே டீச்சர், எங்க தப்பு?" என்று கேட்டிருந்தாள். கீழே பார்த்தால் ஓரம் முழுக்க எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. மத்தியானம் ஆரம்பித்து மகள் ட்யூஷன் விட்டு வருவதற்குள் முடித்தாளாம். அதில் ஓரத்துக்குக் கொடுத்தது எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவள் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பார்ப்போம். கணக்கு டீச்சர் பல வருஷம் எனக்குப் பக்கத்து நாற்காலி, அந்த வாசனை என்னை விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு இடுப்பு 24 இஞ்ச், இடுப்புக்குக் கீழே பாவாடைப் பகுதி 20 இஞ்ச் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வட்டமாக வெட்டினால் இடுப்பு வட்டத்தின் ஆரம் சுமார் 3.8 இஞ்ச். அதோடு 20 சேர்த்தால் 23.8. அதை 6.28-ஆல் பெருக்குங்கள். அடிச் சுற்றளவு ஏறக்குறைய 150 இஞ்ச் வருகிறது. அந்த ஃப்ராக்கில் தோள், கழுத்து, கை, பக்கம், இடுப்பு என்று மற்ற எல்லாத் தையலையும் கூட்டினாலும் அநேகமாக அவ்வளவுதான் வரும். அதாவது பாதித் தையல் ஓரத்தில் இருக்கிறது. அதற்குத்தான் பத்து நிமிடம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் நெளிவு ஏன் வருகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். வட்டப் பாவாடையில் ஒரு இஞ்ச் துணியை உள்ளே மடிக்கிறீர்கள். வெளி விளிம்பில் இருந்த துணி இப்போது இரண்டு இஞ்ச் மேலே ஏறி, அதைவிடச் சின்ன வட்டத்தின் மேல் உட்கார வேண்டும். ஆரத்தில் 2 இஞ்ச் குறைந்தால் சுற்றளவில் சுமார் பன்னிரண்டரை இஞ்ச் குறையும். அந்தப் பன்னிரண்டரை இஞ்ச் துணி எங்கே போகும்? எங்கேயும் போகாது, சுருக்கமாகவும் நெளிவாகவும் உள்ளே கிடக்கும். மெஷின் அதை முன்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் ஒரு மடிப்பாகக் கொண்டுவந்து நிறுத்தும். அதே பாவாடையில் கால் இஞ்ச் மட்டும் மடித்தால் மிஞ்சுவது மூன்று இஞ்ச்தான். அதை 150 இஞ்சில் பரப்பினால் துணியே வாங்கிக்கொள்ளும். வட்டம் பெரிதாக இருந்தாலும் சின்னதாக இருந்தாலும் இந்த மிச்சம் மாறாது. பென்சிலும் பேப்பரும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே விரிந்த பாவாடைக்கு மெல்லிய ஓரம், நேர் வெட்டுப் பாவாடைக்கு அகல ஓரம். கடையில் தொங்கும் குடை ஃப்ராக்கைத் திருப்பிப் பாருங்கள், ஓரம் கால் இஞ்சைத் தாண்டாது. அவர்கள் துணியை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அதுவும் உண்டு, ஆனால் காரணம் அது மட்டுமில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

வெட்டுவதற்கு முன்பே பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்துத் தேய்த்துக்கொள்ள வேண்டும். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நோட்டில் எழுத வைத்திருக்கிறேன். செய்கிறீர்களா என்பது உங்களுக்கும் வண்ணான் கல்லுக்கும் வெளிச்சம்.

அடுத்தது யாரும் செய்யாதது. பாவாடைப் பகுதியை மூட்டி முடித்தவுடன் ஓரத்தைத் தொடாதீர்கள். ஹேங்கரில் மாட்டி ஒரு நாள் தொங்க விடுங்கள். நாலாக மடித்து வட்டம் வெட்டும்போது துணியின் நேர் நூல் சில இடத்தில் வரும், கிராஸ் சில இடத்தில் வரும். கிராஸ் வருகிற நாலு இடமும் தன் எடைக்குத் தானே கீழே இறங்கும். ரேயான், க்ரேப், ஜார்ஜெட் என்றால் நன்றாகவே இறங்கும். தொங்க விடாமல் ஓரம் அடித்தால், முதல் நாள் சரியாக இருந்த பாவாடை நாலாவது தடவை போடும்போது நாலு மூலையில் தொங்கும். பிறகு "மெஷின் சரியில்லை டீச்சர்" என்பீர்கள்.

இறங்கவேண்டியது இறங்கிய பிறகு, உடுத்தியவரை நிற்கவைத்துத் தரையிலிருந்து அளக்க வேண்டும். இடுப்பிலிருந்து அளக்கக் கூடாது. நம்மில் யாருக்கும் இரண்டு இடுப்பும் ஒரே உயரம் கிடையாது. வயிறு இருந்தால் முன்பக்கத் துணியை அது எடுத்துக்கொள்ளும், பாவாடை முன்னால் தூக்கி நிற்கும். தரை மட்டும் யாருக்காகவும் ஏறி இறங்காது. குழந்தையை முக்காலி மேல் நிறுத்துங்கள். ஸ்கேலை முக்காலிப் பலகையில் செங்குத்தாக ஊன்றி, மூன்று இஞ்சுக்கு ஒரு இடத்தில் தையல் சாக்கால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். நீங்கள் சுற்றி வாருங்கள், குழந்தையைத் திருப்பாதீர்கள். குனிந்து பார்க்காதே என்று சொல்லுங்கள், குனிந்தால் பின்பக்கம் ஏறிவிடும். பெரியவர்களுக்கு நீளப் பாவாடை என்றால் எந்தச் செருப்போடு போடப்போகிறார்களோ அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். இதற்கு வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். கணவர்கள் செய்யலாம், ஸ்கேல் பிடிக்க டிப்ளமோ தேவையில்லை.

இப்போது மடிப்பு. வெட்டிய விளிம்பிலிருந்து கால் இஞ்சில் சுற்றிலும் ஒரு மெஷின் தையல் ஓட்டிக்கொள்ளுங்கள். மடிப்பதற்கு அதுதான் கோடு, அந்தக் கோட்டில் துணி தானே திரும்பும். விளிம்பு விரிந்து போகாமலும் அது பிடித்து வைக்கும். திருப்பி, இஸ்திரி போட்டு, மறுபடி ஒரு முறை மடித்து, மறுபடி இஸ்திரி போட்டு, பிறகு தையுங்கள்.

இஸ்திரி என்றவுடன் முகத்தைச் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. என் அனுபவத்தில் 'வீட்டுத் தையலுக்கும்' 'கடைத் தையலுக்கும்' உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இஸ்திரிப் பெட்டியில்தான் இருக்கிறது. நல்ல தையல் கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் மேஜையும் பெட்டியும் எப்போதும் தயாராக இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? விரலால் மடித்து, நகத்தால் அழுத்தி, அப்படியே ஊசிக்கடியில் விட்டு, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு தேய். கோணலாகத் தைத்துவிட்டு அதன் மேல் தேய்த்தால் கோணல் படிந்துதான் போகும். இன்னொன்று, மடிப்பின் மேல் பெட்டியை இழுக்காதீர்கள். வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்தால் கிராஸ் துணி பெட்டியோடு சேர்ந்து நீளும்.

எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் மடிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியில் கட்டுக்கட்டாகக் கல்யாணப் பத்திரிகை இருக்குமே, அதில் கெட்டியான வெற்று அட்டையாக ஒன்றை எடுங்கள். நேராக வெட்டி, விளிம்பிலிருந்து அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு இஞ்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துணியின் உட்புறம் அட்டையை வைத்து, துணியை அதன் மேல் மடித்து, விளிம்பு வேண்டிய கோட்டைத் தொடும்படி நிறுத்தி, அப்படியே மேலே பெட்டியை வையுங்கள். அட்டையை நகர்த்திக்கொண்டே போங்கள். தங்க எழுத்து அச்சடித்த அட்டை மட்டும் வேண்டாம், சூட்டில் துணியில் ஏறிவிடும். யாருடைய கல்யாணமோ உங்கள் பாவாடையில் நிரந்தரமாக நடக்கும்.

பக்கத் தையல் வந்து சேருகிற இடத்தில் துணி நாலு, ஆறு மடிப்பாகக் கனத்துவிடும். அங்கேதான் மெஷின் விக்கி நிற்கும், தையல் விட்டுப்போகும். மடிப்புக்குள் போகிற அந்தச் சின்ன நீளத்துக்கு மட்டும் உட்புறத் தையல் துணியைப் பாதியாக நறுக்கிவிடுங்கள். அப்படியும் கனமாக இருந்தால், மெஷின் காலுக்குப் பின்னால் அதே கனத்தில் ஒரு மடித்த துணித்துண்டைக் கொடுத்தால் கால் சாயாமல் மேடேறும். சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள்.

மெஷினில் அடிக்கும்போது பெரும்பாலும் உட்புறம் பார்த்துத்தான் அடிப்போம். வெளியே தெரிவது பாபின் நூல். மேல் நூலை மட்டும் துணிக்குப் பொருத்தமாகப் போட்டுவிட்டு, பாபினில் ஏற்கெனவே கிடந்த நூலையே விடுகிறவர்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். துண்டுத் துணியில் நாலு இஞ்ச் ஓட்டி, புரட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். முன்பக்க நடுவில் ஆரம்பிக்காதீர்கள், பக்கத் தையலில் ஆரம்பித்து அங்கேயே முடியுங்கள்.

மெஷினா, கையா என்று ஒரு வழக்கு எப்போதும் உண்டு. நான் கைத்தையல் வெறி பிடித்தவள் என்று ஸ்டாஃப் ரூமிலேயே பெயர். உண்மையில் அப்படி இல்லை. ஸ்கூல் யூனிஃபார்ம், நைட்டி, உள்பாவாடை எல்லாவற்றுக்கும் மெஷின் ஓரம்தான் சரி. அவசரமாகக் காலை நுழைக்கும்போது கட்டைவிரல் மாட்டினால் கைத்தையல் சரசரவென்று பிரிந்துவிடும், பையனை அந்தக் கோலத்தில் பஸ்ஸில் அனுப்ப முடியாது. பட்டுப்பாவாடை, ரவிக்கை, நல்ல ஃபார்மல் பேன்ட், சேலை ஃபால்ஸ் இவற்றுக்குக் கை. பட்டில் மெஷின் கோடு வெளியே தெரிந்தால் எவ்வளவு விலைப் பட்டாக இருந்தாலும் கோணிச் சாக்கு மூட்டிய மாதிரி ஆகிவிடும். டிஷர்ட் மாதிரி பின்னல் துணிக்கு இரண்டுமே உதவாது. உங்கள் வீட்டு டிஷர்ட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெளியே இரண்டு இணைக் கோடு, உள்ளே வலை மாதிரிப் பின்னல். திருப்பூரில் ஃப்ளாட்லாக் மெஷினில் அடித்தது அது. துணி நீளும்போது தையலும் கூட நீளும். சாதாரணத் தையல் போட்டால் தலை வழியாக மாட்டும்போதே பட்டென்று அறும். வீட்டில் என்றால் இரட்டை ஊசி வாங்கிப் போடுங்கள், அல்லது சின்ன ஜிக்ஜாக். இஸ்திரி போட்டு ஒட்டுகிற டேப் என்று ஒன்று விற்கிறது. நாளைக்கு இன்டர்வியூ, இன்றைக்கு ராத்திரி பேன்ட் நீளம் என்றால் ஒட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய பட்டில் கைவைக்காதீர்கள்.

கை ஹெம்மிங்கில் நான் அதிகம் திட்டியது மூன்று விஷயத்துக்கு. முதலில் நூலின் நீளம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை போதும். அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு ஆளுயர நூல் கோர்த்தால் அது முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும், அதைப் பிரிக்கிற நேரத்தில் நாலு தடவை கோர்த்திருக்கலாம். இரண்டாவது, இரட்டை நூல். ஹெம்மிங்குக்கு ஒற்றை நூல்தான். நிறம் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் ஒரு சாயல் அடர்த்தியாக எடுங்கள், வெளிறிய நூல் கண்ணில் குத்தும். மூன்றாவது, இழுப்பு. மடிப்பில் தாராளமாகக் குத்துங்கள், வெளித்துணியில் ஒரு இழை, மிஞ்சினால் இரண்டு இழை, அவ்வளவுதான் ஊசி எடுக்க வேண்டும். நூலை இறுக்கினால் வெளியே வரிசையாகக் குழி விழும். கொஞ்சம் தளர்வாக விடுங்கள். ஒரு சாணுக்கு ஒரு தடவை மடிப்பிலேயே ஒரு பின்தையல் போட்டுக்கொண்டால், எங்காவது அறுந்தாலும் அந்தச் சாணோடு நிற்கும்.

நமக்கு ஏன் ஓரம் என்றால் இளப்பம் என்று யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுகிற காரணம் இது. சேலையும் வேட்டியும் துண்டும் உடுத்திய ஊர் நம்முடையது. அவற்றின் நீளவாட்டு ஓரத்தைத் தறியே முடித்துக் கொடுத்துவிடும். கரை என்று அழகான பெயர் அதற்கு. வெட்டிய முனையில்கூடக் குஞ்சம் முடிந்துவிட்டால் தையல் தேவையில்லை. ஓரத்துக்காகத் தனியாக ஒருவர் உட்கார்ந்து உழைக்க வேண்டும் என்பதே நம் பழக்கத்தில் பின்னால் வந்ததுதான். அதனால்தானோ என்னவோ, கரைக்கு இருக்கிற மரியாதை ஹெம்மிங்குக்கு இல்லை. கரையைப் பார்த்து விலை கொடுக்கிறோம், ஓரத்தை ஓசியில் கேட்கிறோம்.

கூலி என்று ஆரம்பித்தேன் அல்லவா, அதற்கு வருகிறேன்.

நம் ஊர்களில் ரவிக்கை தைக்கும் கடைகளைப் பாருங்கள். அளவு எடுப்பவர் ஒருவர், வெட்டுபவர் மாஸ்டர், மெஷினில் ஒருவர். ஹெம்மிங்கும் கொக்கியும் அங்கே நடக்காது. அவை ஒரு மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு அம்மா, சமையல் முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வாசல்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து அதைச் செய்வார். சாயங்காலம் கடைக்காரர் பையன் வந்து வாங்கிப்போவான். என் மாணவிகளில் பலர் இந்த வேலையைச் செய்திருக்கிறீர்கள். சிலர் இன்றும் செய்கிறீர்கள்.

ரவிக்கையின் கணக்கையும் போடுவோம். அடிப்பகுதி 30 இஞ்ச், இரண்டு கை சேர்த்து 22, கழுத்து 28. மொத்தம் 80 இஞ்ச். இஞ்சுக்கு நாலு தையல் என்றால் 320 குத்து. ஒவ்வொரு குத்திலும் ஒரே ஒரு இழையை எடுக்க வேண்டும். நல்ல கை இஞ்சுக்கு ஐந்து, ஆறு கூடப் போடும். அதற்குமேல் கொக்கிகள், அவற்றுக்கு நூல் வளையம். கறுப்புத் துணியாக இருந்தால் கண் பிதுங்கும். இவ்வளவுக்கும் கைக்கு வருவது ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் வாங்குகிற காசு. அதே ரவிக்கையில் ஆரி வேலை செய்தால் ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கிறோம், சந்தோஷமாக வைக்கிறோம், ஏனென்றால் அது தெரிகிறது. ஹெம்மிங் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு தெரியாமல் போகிற வேலை. வேலை தெரியவில்லை என்பதற்காகக் கூலியும் தெரியாமல் இருக்க வேண்டுமா?

கடைக்காரர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் பேரம் பேசுவது நாம்தான். பேரத்தில் முதலில் அடிபடுவது இந்த மஞ்சள் பைதான். எனவே என் யோசனை: தையல் கடை வைத்திருக்கும் என் மாணவிகள் கூலிச் சீட்டில் 'கை ஹெம்மிங்' என்று தனி வரி போடுங்கள். தையல் கூலி இவ்வளவு, கை ஹெம்மிங் இவ்வளவு, கொக்கி இவ்வளவு. வேண்டாம் என்கிறவர்களுக்கு மெஷின் ஓரம் அடித்துக் கொடுங்கள், ஒரு தப்பும் இல்லை. வேண்டும் என்கிறவர்கள் அந்த வரிக்கு உரிய பணத்தைக் கொடுக்கட்டும், அது முழுசாக அந்த வாசல்படிக்குப் போகட்டும். "வாடிக்கையாளர் ஓடிடுவாங்க டீச்சர்" என்று ஒருத்தி ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டாள். சிலர் ஓடுவார்கள். ஆனால் விலை தெரியாத வேலைக்கு யாரும் மதிப்புக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பேன்ட் நீளம் குறைக்கத் தனிக் கூலி என்றால் எல்லோரும் கொடுக்கிறார்களே, அதுவும் ஓரம்தானே.

சொந்தக்காரர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. வீட்டில் ஒரு பெண் தைக்கத் தெரிந்தவள் என்றால் தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் வீட்டு வாசலில் துணி குவிகிறது. எல்லாம் "ஓரம் மட்டும்தான்". மொத்தமாகத் தைக்கக் கொடுத்தால் கூலி கொடுக்க வேண்டுமே என்று, முக்கால்வாசியை வெளியே தைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் உறவுக்கு ஒதுக்குகிறோம். அவளும் முகம் பார்த்து வாங்கி வைத்துக்கொள்வாள். ஐந்து துணி என்றால் ஒரு முழு ராத்திரி. அவள் வெளியாளுக்குத் தைத்துச் சம்பாதிக்க வேண்டிய ராத்திரி அது. ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிப்போனால் சரியாகிவிடாது. காசு கொடுங்கள். வாங்க மறுத்தால் மெஷினுக்கடியில் வைத்துவிட்டு வாருங்கள்.

குழந்தைகள் உடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பட்டுப்பாவாடை தைத்தால் அடியில் இரண்டு மூன்று இஞ்ச் உள்மடிப்பு விட்டு, அதற்கு மேலே இரண்டு டக் பிடிப்போம். அரை இஞ்ச் டக் ஒன்றைப் பிரித்தால் ஒரு இஞ்ச் நீளம் கிடைக்கும். டக்கும் உள்மடிப்புமாகச் சேர்த்து ஒரே பாவாடை மூன்று நாலு வருஷம் குழந்தையோடு சேர்ந்து வளரும். பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரிந்தால் அதன் மேல் ஒரு லேஸ் ஓடும், அதுவும் ஒரு அழகு. ரெடிமேடில் இது நடக்காது. ஆயிரக்கணக்கில் தைக்கிற இடத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு இஞ்ச் விட்டால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, அது அவர்கள் கணக்கு. வீட்டில் தைக்கிற நீங்கள் ஏன் அவர்களைப் பார்த்து அரை இஞ்ச் விடுகிறீர்கள்? நேர் வெட்டுப் பாவாடையில், பேன்ட்டில், யூனிஃபார்மில் தாராளமாக இரண்டு இஞ்ச் விடுங்கள். உடுப்பு கனமாக விழும், நன்றாகவும் நிற்கும். ஜூனில் தைத்தது அடுத்த ஜூனுக்கும் ஆகும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தையல், ஓவியம், இசை, உடற்கல்வி இந்த நாலுக்கும் சிறப்பாசிரியர் என்று பெயர். பெயரில்தான் சிறப்பு. "டீச்சர், போர்ஷன் முடியல, உங்க பீரியடைக் கொடுங்க" என்று மற்றப் பாடக்காரர்கள் வந்து நிற்பார்கள், ஜனவரிக்குப் பிறகு என் பீரியடே எனக்குக் கிடையாது. தையல் லோயர், ஹையர் பரீட்சை எழுதி, பயிற்சி முடித்து வேலைக்கு வந்தவள் நான். கடைசி சில வருஷங்களில் பாதி நாள் வேறு டீச்சர் லீவில் போன வகுப்புகளைக் கண்காணித்தேன். யாரையும் நொந்துகொள்ளவில்லை, பரீட்சை நெருக்கடி அவர்களுக்கு. ஆனால் ஒரு உடுப்பைத் தானே தைத்து, ஓரத்தைத் தரையிலிருந்து அளந்து, இஸ்திரி போட்டு முடித்த பிள்ளைக்கு ஆரமும் சுற்றளவும் வாழ்நாளுக்கும் மறக்காது என்று கணக்கு டீச்சரிடம் நான் வாதாடியிருக்கிறேன். அவர் பாதி ஒப்புக்கொண்டார். பீரியடை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இன்னொரு குறையும் உண்டு. தையல் வகுப்பு என்றால் பெண் பிள்ளைகளுக்கு என்றே வைத்துவிட்டோம். ஊரில் கடை போட்டு மாஸ்டர் என்று பெயர் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள், அந்த மஞ்சள் பையை வாங்கிக்கொள்வது பெண்கள். இது எப்படி ஆயிற்று என்று இன்னொரு நாள் சண்டை போடலாம். இப்போதைக்கு, உங்கள் பையன்களுக்குக் குறைந்தபட்சம் தன் பேன்ட் ஓரத்தைத் தானே மடித்துத் தைக்கச் சொல்லிக்கொடுங்கள். ஹாஸ்டலில் தனியாக இருப்பவனுக்கு நிச்சயம் உதவும்.

கடைசியாக ஃபால்ஸ். இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். ஃபால்ஸ் துணி பருத்தி என்றால் தைப்பதற்கு முன் தண்ணீரில் நன்றாக நனைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியே தைத்தால் முதல் துவைப்பில் அது சுருங்கி, சேலைக் கரையையும் இழுத்துக்கொண்டு போகும். கரை சுருண்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான், சேலை மேல் பழி போடாதீர்கள். கீழ் விளிம்பைக் கரையோடு ஒட்டி, சேலை விளிம்புக்கு ஒரு நூல் உள்ளே வைத்துத் தையுங்கள், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. மேல் விளிம்பை இழுக்காமல் தளர்வாக ஹெம்மிங் பண்ணுங்கள்.

சந்தேகம் கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள் துணியின் வெளிப்பக்கத்தை மட்டும் அனுப்பாதீர்கள், உட்புறத்தைத் திருப்பிப் போட்டு, பக்கத்தில் இஞ்ச் டேப்பை வைத்து எடுங்கள். வெளிப்பக்கத்தைப் பார்த்து என்னால் வாழ்த்துதான் சொல்ல முடியும். என் வீட்டுக்கே ஃபால்ஸ் எடுத்து வருகிற சொந்தங்கள் நனைத்துக் காயவைத்தே எடுத்து வாருங்கள். கூலி எவ்வளவு என்று வாசலில் அட்டை எழுதி மாட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தையல் டீச்சர்